கிழங்குப் பொங்கல்

“மரவள்ளிக்கிழங்குல பொங்கல் வைக்கலாமாக்கா?”

ஜப்பான்காரன் போன பிறகு, மலாயாவின் கிள்ளானில் அரிசிக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பெண் பக்கத்து அம்மாளிடம் கேட்டாள்.

“அதான் அரிசி வந்திருச்சே. கிழங்கு எதுக்கு?”

“பர்மா சண்டைக்குப் போன வீட்டுக்காரர் உயிரோட வந்தா, பொங்கல் வச்சு முதல் வாய் அவருக்கு ஊட்டுறேன்னு மாரியாத்தாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். வந்துட்டாரு. ஆனா காட்டுல பிடிச்ச வயித்துப்போக்கு இன்னும் விடலை. சோறு உள்ள போனா ரத்தமாப் போகுது. கிழங்குதான் தங்குது.”

“குழைய வடிச்சுப் பாத்தியா?”

“பாத்தாச்சு. நேர்த்திக்கடனைச் செஞ்சா அவருக்கு ஆகாது, செய்யாட்டி ஆத்தா கோவிச்சுக்குவா.”

“மூணு வருஷமா கிழங்குதானே படைச்சோம். ஆத்தா வேணாம்னாளா?”

“அப்ப அரிசி இல்லைக்கா. இப்ப இருக்கே.”

‘தாயே, நீயே சொல்லு’ என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.