வாடகை இரண்டு தடவை

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஐம்பது வயதை ஒட்டிய இரண்டு தோழிகள். கைப்பேசியில் பழைய எக்செல் கணக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"சாந்தி, நம்ம சம்பல் கடை நட்டத்துல ஓடவே இல்ல லா!"

"மாசம் நானூறு பாட்டில் வித்தாத்தான் பிரேக் ஈவன், அதுக்குக் கீழ நட்டம்னு நீதானே சொன்ன, மாலா?"

"வாடகைய ரெண்டு தடவ போட்டிருக்கேன். ஒண்ண அழிச்சா இருநூறுதான் வருது. நம்ம இருநூத்தி அறுபது வித்தோம். லாபத்துல இருந்த கடையப் போயி மூடிட்டோமே!"

சாந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்."

"தெரியுமா? ஏன் சொல்லல?"

"மொளகா நெடில நீ விடாம இருமுவ. டாக்டர் நிறுத்தச் சொல்லியும் கேக்கல. லாபம்னு தெரிஞ்சா கடைய விட்டிருப்பியா?"

மாலா கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல அந்தக் கடைய மூடுன அன்னிக்கு, என்னவிட நீதான் அதிகமா அழுத."

"ஆமா," என்றார் சாந்தி.