கிழிசல் இல்லாத ஓட்டை

எனக்குக் காகிதம் கிழிந்தால் பிடிக்காது, ஐயா. அதனால்தான் எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் இலக்குத் தாள்களைக் கழற்றி மார்க் போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாதாரணக் குண்டு தாளைப் பிய்த்துக்கொண்டு போகும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று அடிதடியே நடக்கும். ரிவால்வரில் போடும் வாட்கட்டர் குண்டு அப்படியில்லை. அதற்கு மூக்கே கிடையாது, மொட்டைத் தலை. தாளை வட்டமாக வெட்டிவிட்டுப் போகும். பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியால் அடித்த மாதிரியே இருக்கும்.

அப்படி ஒரு பஞ்ச், ஒன்பது மில்லிமீட்டர், என் பையிலேயே இருந்தது.

எங்கள் தலைவர் நல்ல மனிதர். சுடத்தான் வராது. முதல் நாள் ஆறு குண்டும் பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போயின. அவரோ அந்தக் கோடியிலிருந்து ஆவலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. இரண்டு ஓட்டை போட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன். குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்த மாதம் நான் கழகத்தின் செயலாளர்.

அதன்பின் ஓட்டைகள் மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தன. மனிதன் முன்னேற வேண்டாமா?

இரண்டு வருடத்தில் கோப்பைகள் வைக்க அவருக்கு அலமாரி போதவில்லை. ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, ஒருவர் கையில் பிடித்திருக்கும் டீ கப்பைச் சுட்டுக் காட்டப்போவதாக அறிவித்தார். கப்பைப் பிடிக்க முதலில் எழுந்தவன் என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. தலைவரின் தாள்களைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழகச் சுவரில் மாட்டுகிறவன் அவன்தான்.

போகிற வழியில் என்னிடம் வந்தான்.

"மாமா, மார்க் போடுறது நீங்கதானே? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் போட்ட மார்க்குல என்னைக்காவது தப்பு வந்திருக்கா?"

சிரித்துக்கொண்டே போனான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். இருநூறு பேர் முன்னால் ஒரு பெரிய மனிதரைத் தலைகுனிய வைப்பது மரியாதையா, சொல்லுங்கள். வழக்கம்போல மண்மேட்டுக்குத்தான் போகும் என்று நினைத்தேன். கப்பை நான் ஓடிப்போய் உடைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

கப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மச்சினன் அதைப் பிடித்தபடியே உட்கார்ந்தான், பிறகு சாய்ந்துவிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டைப் பைக்கு மேலே, கிழிசலே இல்லாமல் ஓர் ஓட்டை. பழக்கதோஷம், அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்பது மில்லிமீட்டர், பிசிறே இல்லை. நிமிர்ந்தால் எதிரே என் மனைவி. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அவளுக்கும் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சுவரில் மாட்டியிருக்கும் ஓட்டைகள் அத்தனையும் நான் போட்டவை. அவன் சட்டையில் இருந்த அந்த ஒன்றை மட்டும் நான் போடவில்லை.