எட்டு மைக்ரான் வித்தியாசம்

— எட்டு மைக்ரான் வித்தியாசம் சார்! நீங்க அனுப்பின அதே செம்புத் தூள். துகளோட அளவு எங்க லேப்ல பத்தொன்பது வருது, உங்க தாள்ல இருபத்தேழுன்னு இருக்கு. எப்படி?

— வர்ற வழியில இளைச்சுப் போயிருக்கும் மேடம். லாரிப் பயணம் யாருக்குத்தான் ஒத்துக்குது?

— விளையாடாதீங்க. எதுல போட்டு இறங்க விட்டீங்க?

— தண்ணியிலதான்.

— சோப்பு விட்டீங்களா?

— விடல போலிருக்கு.

— ரெண்டு சொட்டு விட்டாத்தானே தூள் தனித்தனியாப் பிரியும்? இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கட்டியா, விறுவிறுன்னு அடிக்குப் போயிடும். இறங்குற வேகத்தை வெச்சுத்தானே அளக்குறோம், அளவும் பெருசாக் காட்டும்.

— ஒட்டிக்கிட்டா என்ன மேடம், பாவம்?

— நம்ம வேலையில அது தப்பு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. நான் பாடம் எடுக்கணுமா?

— எடுங்களேன். நாலு நாளா இந்த ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேனைத் தவிர யாரும் என்கிட்ட வாயத் திறக்கல. அதுவும் சொன்னதையேதான் சொல்லுது.

— சார், சீரியஸாப் பேசுங்க. அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு லேபும் ஒரே திரவத்துலதான் அளக்கணுமாம். எதுன்னு முடிவு பண்ணி, இன்னிக்கே எழுதிக் கொடுக்கணும்.

— கிளிசரின்னு எழுதிடுங்க.

— அதுல தூள் இறங்குறதுக்குள்ள நீங்க ரிட்டையர் ஆயிடுவீங்க.

— அப்ப ஸ்பிரிட்?

— பாதியிலேயே பறந்துடும். தண்ணியும் சோப்பும்தான் சரி. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வந்துடும். தகராறே இருக்காது.

— தகராறு இல்லேன்னா நீங்க போன் பண்ண மாட்டீங்க.

— எதுக்குப் பண்ணணும்? எல்லாம் கம்ப்யூட்டர்லயே போயிடும்.

— அதான் மேடம்.

— எது அதான்?

— சோப்பு பாட்டில் என் கைக்கிட்டதான் இருக்கு. வேணும்னுதான் விடல. அளவு ஒத்துப்போற மாசம் இந்த போன் அடிக்கிறதே இல்ல. போன்ல பேச ஆரம்பிச்சு மூணு வருஷமாச்சு, உங்க முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனா நீங்க திட்டுற அன்னிக்கு, வீட்டுல அதை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே சாப்பிடுவேன். எதிர்ல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஐம்பத்தாறு வயசுல இது ஒரு பொழப்பு! என் தப்புன்னே எழுதிடுங்க மேடம்.

— எத்தனை தடவை இப்படிப் பண்ணீங்க?

— இந்த வருஷம் மூணு. மார்ச், ஜூலை, இப்ப.

— செப்டம்பர்லயும் வித்தியாசம் வந்துச்சே?

— சத்தியமா அது நான் இல்ல! அன்னிக்கு ஒழுங்கா சோப்பு விட்டேன். நீங்க போன்ல திட்டினதும் மறுபடி மூணு தடவை அளந்தேன். எங்க தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் பிடிபடல.

— உங்க அளவு சரிதான் சார். அந்த மாசம் சோப்பு விடாதது நான்.