மலைக்கு மேலே ஏறும் தண்ணீர்

வளைகுடா நகரமொன்றில், சத்வா போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வீட்டு வேலை செய்பவர்கள், அன்று லீவு. பேச்சைக் கேட்டால் இலங்கை மலையகம், இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். இளையவள் ஊரிலிருந்து வந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டுவிட்டு போனை இறக்கினாள்.

“அக்கா, நம்ம ஆத்துத் தண்ணிய மறுபடி மலைக்கு மேல ஏத்தப் போறாங்களாம்.”

“ஏன், கீழ வந்தது புடிக்கலயாமா?”

“பகல்ல சோலார் கரண்டு மிஞ்சிப் போகுதாம். அத வச்சு மேல ஏத்தி குளத்துல நிப்பாட்டி, ராத்திரி தொறந்து விட்டு கரண்டு எடுப்பாங்களாம். எஞ்சினியருங்க வந்து சொன்னாங்களாம்.”

“நம்ம குடத்துல சுமந்து ஏத்துனப்ப ஒரு எஞ்சினியரையும் காணோம்.”

“தோட்டத் தலைவரு மாலை போட்டு வரவேத்தாராம்.”

“அந்தப் பிளாஸ்டிக் மாலைதானே? எவன் வந்தாலும் தூசி தட்டிப் போடுவாரு. சரி, குளம் எங்க வருதாம்?”

இளையவள் போனைக் கைப்பைக்குள் வைத்தாள்.

“நம்ம லயத்து வரிசை வீடுங்க இருக்கிற எடத்துலதான். வீடுங்கள ஒடச்சிட்டு, கீழ எங்கயாவது எடம் தருவாங்களாம். எல்லாருக்கும் சம்மதம்னு தலைவரு சொல்லிட்டாராம்.”

“எந்தத் தலைவரு? லயத்துக்கு ஒரு பைப் போட்டுத் தாங்கன்னு நாம போய் நின்னப்ப, தண்ணி அவ்வளவு ஒசரம் ஏறாதுன்னு திருப்பி அனுப்புனாரே, அவரா?”