அட்டை இல்லாத மாத்திரை

எங்கள் மெடிக்கலில் காலாவதியான மருந்து ஒன்றுகூட இருக்காது. இராஜபாளையத்தில் பதினான்கு வருடமாகக் கடை நடத்துகிறேன். செட்டியார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்கூட ரத்தினம் கடை எது என்று விசாரித்துத்தான் வருவார்கள். நான் எதையும் கவனக்குறைவாகச் செய்கிற ஆள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் மனைவி சத்யப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். படிக்காதே என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் பைக்கில் கொண்டுபோய் விட்டதே நான்தான்.

தளவாய்புரத்தில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளுடைய படிப்பு ஒரு வரி ஓடியது. என்னுடையது வெறும் டி.பார்ம். பந்தியில் முத்துவீரன் மாமா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, அடுத்த பத்திரிகையில அவ பேருக்கு முன்னால முனைவர்னு வந்துருமே. ஒம் பேரப் போட எடம் இருக்குமாலே?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அப்போது மூத்தவளுக்கு இரண்டு வயது. படிப்பு முடிகிறவரை அடுத்த குழந்தை வேண்டாமென்று சத்யா கருத்தடை மாத்திரை சாப்பிட்டுவந்தாள். அட்டையோடு வீட்டில் கிடந்தால் என் அம்மா கண்ணில் படும். அதனால் நானே கடையில் உரித்து, சின்னக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பேன். கொல்கத்தாவில் ஆறு மாதப் பயிற்சிக்கு அவள் தேர்வானாள். அந்த மாதம் கவரில் அதற்குப் பதிலாக ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் போட்டேன். என்ன, மஞ்சளாக இருக்கிறதே என்றாள். கம்பெனி மாறிவிட்டது என்றேன். கர்ப்பிணிகளுக்கு டாக்டர்களே எழுதிக்கொடுக்கிற சத்து மாத்திரைதான் அது. அந்த அளவுக்கு அக்கறையோடுதான் செய்தேன்.

பயிற்சி போயிற்று. இரண்டாவதும் பெண். ஆபரேஷன் செய்துகொள்கிறேன் என்று அழுதாள். "ஆம்பளப் பிள்ள இல்லாம ஆபரேசனா?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வேறு நல்ல கம்பெனி மாத்திரை தருகிறேன் என்றேன், நம்பினாள். விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்த மாதம் மறுபடி மாற்றினேன். நேர்முகத் தேர்வன்று எழுந்து நிற்க முடியாமல் வாந்தி எடுத்தபடி கிடந்தாள். மூன்றாவதும் பெண்.

அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பரிபூரணம் மேடம் விடவில்லை. அலைந்து திரிந்து கால நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தார். ஆய்வேடு முடிய ஒரு வருடம் இருந்தது. நான் மூன்றாவது முறையும் செய்தேன். ஏழாம் மாதம் ரத்தம் நிற்காமல் போனது. பிறந்தது ஆண், உயிர் இல்லை. அவளைப் பிழைக்கவைக்கக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஸ்கேன் கவரின் பின்பக்கம் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் காட்டினாள்.

"நூறு பேர்ல ஒருத்திக்கு மாத்திர தவறும்னு வைங்க. ஒருத்திக்கே மூணு தடவ தவறணும்னா பத்து லட்சத்துல ஒண்ணு. என்னங்க, அது என்ன மாத்திர?"

கேட்டதால் சொல்லிவிட்டேன். கேட்ட பிறகும் பொய் சொல்வது என் சுபாவம் இல்லை. கவரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"பிள்ளைகளுக்காவது அந்த மாத்திர நல்லதுதானா?" என்றாள்.

நல்லதுதான் என்றேன்.

மேடம் போன் செய்தபோது, "என்னால முடியல மேடம்" என்று அவளேதான் சொன்னாள். பதிவை ரத்து செய்யும் கடிதத்தில் அவளேதான் கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவை எடுத்துக் கொடுத்ததோடு சரி.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் எதிர்க் கடையில் போய், அட்டையோடு மருந்து வாங்கி வருகிறாள். மற்றபடி என்னை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.