ஒரு தட்டு குறைந்த தஃப்

இந்தக் காலத்து ஆட்கள் பேய்க் கதை சொல்கிற லட்சணம் எனக்குப் பிடிப்பதில்லை. யாரோ ஒருவன், எங்கேயோ போனான், எதையோ பார்த்தான் என்பார்கள். பெயர் கேட்டால் தெரியாது. எத்தனை மணிக்கு என்று கேட்டால் "ராத்திரி" என்பார்கள். ராத்திரி என்ன ஒரே ஒரு மணி நேரமா? நடுவில் ஒருவன் போனை மோவாய்க்குக் கீழே பிடித்து வெளிச்சம் அடிப்பான். நாலு பேர் கத்துவார்கள். கதை முடிந்துவிடும். அதை அணைத்து வையுங்கள். அடுப்பு வெளிச்சம் போதும்.

நான் பெயர் சொல்கிறேன். தவ்லத்மிர். நம் குர்போன்ஷோவின் மனைவிக்குத் தாய்மாமன். இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறான், போய்க் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் அடிப்பான், அது வேறு விஷயம். குர்போன்ஷோவிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். அதையும் கதையாகச் சொல்லவில்லை, திட்டித் திட்டிச் சொன்னான்.

நேரம்... வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முந்தைய இரவு, இரண்டரை மணி. பாதை... பர்த்தாங் ஆற்றுக்கு மேலே கீழ் ஊரிலிருந்து மேல் ஊருக்கு ஏறுகிற ஆட்டுப்பாதை. பாதி வழியில் வெள்ளைத்தாடிச் சரிவு. நம் ஆட்களுக்கு அந்தச் சரிவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் மாதம் அதைத் தாண்டும்போது ஆட்டு மணிக்குள் கம்பளியைத் திணித்துவிடுவார்கள். இருமல் வந்தால் சால்வையைக் கடித்துக்கொள்வார்கள். மேலே தொங்குகிற பனிக்குச் சத்தம் பிடிக்காது.

தவ்லத்மிர் முன்னால் போனான். கையில் மண்ணெண்ணெய் லாந்தர். முதுகில் கம்பளிக்குள் சுற்றிக் கட்டிய இரண்டு தஃப், ஆட்டுத்தோல் கட்டிய கைப்பறை. ஒன்று அவன் தங்கை சப்ஸமோவுடையது. இன்னொன்று அவள் புருஷன் ஷோநஸருடையது. சப்ஸமோ பின்னால் வந்தாள்.

ஷோநஸர் செத்து மூன்று வருஷம். கோதுமைக்கஞ்சிக்குக் கோதுமை வாங்கப் போனவன் இதே சரிவில் பனியோடு போனான். மே மாதம் பனி உருகின பிறகுதான் கிடைத்தான். அன்றைக்கு அவன் தஃபை எடுத்துப் போகவில்லை. அது வீட்டுத் தூணிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு மூட்டினால் அது முனகுகிறது என்று சப்ஸமோ மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தூக்கமே கிடையாது.

"தோல் சூட்டுல இறுகும், முனகும். இதுல என்ன அதிசயம்?" என்பான் தவ்லத்மிர்.

மேல் ஊர்ப் பெண்களின் தஃபில் ஒன்றை எலி கடித்துவிட்டது என்று செய்தி வந்தது. நவ்ரூஸ் அன்று கூரைத் திறப்பு வழியாக முதல் வெளிச்சம் விழும்போது ஐந்து தஃபும் சேர்ந்து முழங்க வேண்டும், ஆட்டம் தொடங்க வேண்டும். அங்கே இருந்தது நாலு. தவ்லத்மிர் அன்றே வாக்குக் கொடுத்துவிட்டான், ஷோநஸருடையதைக் கொடுத்துவிடுகிறோம் என்று. அது வீட்டை விட்டுப் போனால் தங்கை தூங்குவாள், அவ்வளவுதான் அவன் கணக்கு. சப்ஸமோ அழவில்லை. சண்டை போடவில்லை. "நானே கையால குடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். தன்னுடையதையும் சேர்த்துக் கட்டினாள்.

சரிவு தொடங்குகிற பாறையடியில் அவள் நின்றாள்.

"அண்ணே, காத்து சூடா இருக்கு, பனி இளகிரும். திரும்பிடலாம்."

"மேகம் கலைஞ்சிரும்."

"உன்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"நட, வாயாடி."

"எதையும் நம்பமாட்ட நீ. இருக்கிறது ஒரே ஒரு கழுத, அதையும் ராத்திரியில ரெண்டு தடவ எண்ணிப் பாக்குற ஆளு. இந்த மேகத்த மட்டும் எப்படி நம்புன?"

அவன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். அதற்கு மேல் பேசக் கூடாது. நடந்தார்கள்.

முதல் இருநூறு அடி வரைக்கும் பனியின் மேல்தட்டு உறைந்திருந்தது. காலை வைத்தால் நொறுக்... நொறுக்... என்று உடைந்தது. நல்ல சத்தம் அது, நம்பலாம். அப்புறம் தூறல் வந்தது. மழையும் இல்லை, பனியும் இல்லை, இரண்டும் கலந்த சனியன். கால் சத்தம் மாறியது. சதக்... சதக்... ஈரக் கல்லின் வாசனை எழுந்தது. தவ்லத்மிர் பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான். திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம்.

அப்போதுதான் கேட்டது.

தும்... த...

தும்... த...

தஃப். எங்கேயோ முன்னால். தூரமும் இல்லை, பக்கமும் இல்லை.

கீழ் ஊர்ப் பொடிப்பயல்கள் என்றுதான் முதலில் நினைத்தான். நவ்ரூஸ் இரவில் கூரை கூரையாக ஏறிச் சால்வையைத் தொங்கவிட்டு ரொட்டி கேட்கிற கூட்டம். மேலே ஏறி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். நாளைக்குக் காதைத் திருக வேண்டும். அப்படி நினைத்துக்கொண்டே பத்து அடி போனான். பதினோராவது அடியில் கால் நின்றுவிட்டது.

தஃபைக் கையில் எடுத்தவனுக்கு இது தெரியும். ஈரக் காற்றுப் பட்டால் ஆட்டுத்தோல் தொளதொளத்துவிடும். தட்டினால் மாவு பிசைகிற மாதிரி பொத் பொத் என்றுதான் விழும். நெருப்பில் காட்டிக் காட்டித்தான் இறுக்க வேண்டும். இந்தத் தூறலில்... இது கணீரென்று கேட்டது. இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி. நெருப்பு எங்கே? அவன் மூக்கை உயர்த்திப் பார்த்தான். புகை வாசனை இல்லை. ஈரக் கல் வாசனை மட்டும்தான்.

தும்... த...

அடியிலும் ஒரு குறை இருந்தது. நவ்ரூஸ் அடி என்றால் "தும்... தக" என்று விழும். பிறந்த குழந்தைக்கும் தெரியும். இதில் அந்தக் "க" விழவில்லை. அந்த இடம் வெறுமனே காத்துக்கொண்டிருந்தது.

"க" மோதிர விரலின் தட்டு. ஷோநஸரின் வலது மோதிர விரலை லாரியின் பின்கதவு பாதியோடு எடுத்துவிட்டது. அதற்கப்புறம் அவன் வாசித்தால் "தும் த" மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெற்றிடத்தில் "க" போட்டுக் கொடுத்தது சப்ஸமோ. பதினேழு வருஷம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே கை என்றுதான் தோன்றும்.

தவ்லத்மிர் லாந்தரைத் திருப்பினான்.

சப்ஸமோ கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள். வலது கை மேலே எழுந்திருந்தது, விரல்கள் விரிந்து. முகத்தில் தூறல் வழிந்தது, துடைக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணனை இல்லை. அவன் முதுகில் இருந்த மூட்டையை.

"அந்த எடம் எனக்காகத்தான் நிக்குது" என்றாள். மூச்சுக்கும் குறைவான குரல்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம்.

"ஒரு தட்டு, அண்ணே. ஒண்ணே ஒண்ணு..."

கையை மூட்டைக்கு நீட்டினாள். தலைக்கு மேலே ஒரு மலைப் பனி. ஒரே ஒரு தஃப் அடி போதும். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் இழுத்தாள். அவளுக்கு அவ்வளவு பலம் எப்போதும் இருந்ததில்லை. அவன் பிடியை இறுக்கி, கன்றை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தான்.

தும்... த... தும்... த...

மனிதனுக்கு ஒரு கோளாறு உண்டு. தாளத்தில் ஒரு ஓட்டை விழுந்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. லாந்தர் பிடித்த கையில் விரல் துடித்தது. தவ்லத்மிர் பல்லைக் கடித்துக்கொண்டான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஏதோ அதிர்ந்தது. தன் நெஞ்சுதான் முதுகு வரைக்கும் அடிக்கிறது என்று நினைத்தான். அந்த நேரத்தில் வேறு என்ன நினைப்பது?

அடி வேகமானது.

தும் த, தும் த, தும் த... திருநாள் ஆட்டத்தில் இப்படித்தான், நிதானமாகத் தொடங்கி ஓட்டத்தில் முடியும். கால் தானாக அதில் விழுந்தது. அவன் ஓடவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வான். ஆனால் ஓடினான். சப்ஸமோவும் ஓடினாள். இப்போது அவள் இழுக்கவில்லை, காலும் தடுமாறவில்லை. இடுப்பளவு சேற்றுப்பனியில் அறுபது வயதுக்காரனும் ஐம்பது வயதுக்காரியும், கல்யாண வீட்டு முற்றத்தில் ஆடுகிற மாதிரி ஒரே காலடியில்... அந்தப் பக்கத்துப் பாறைக் குகைக்குள் போய் விழுந்தார்கள்.

அடி நின்றது.

ஒரு மூச்சு இழுக்கிற நேரம் எதுவுமே இல்லை. தூறல் சத்தம்கூட.

அப்புறம் மேலே யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி... உஸ்ஸ்...

லாந்தர் அணைந்தது. காற்று வாயில் அடைத்தது. பாறை குலுங்கியது. வெள்ளைத்தாடி மொத்தமாக இறங்கி, பாதையை ஆற்றுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. அடங்கின பிறகு நசுங்கின ஜூனிப்பர் இலையின் வாசனை. கடும் வாசனை, கண் எரிகிற மாதிரி.

இருட்டில் சப்ஸமோதான் முதலில் பேசினாள்.

"நம்மள வெரட்டி விட்டாரு, பாத்தியா? இந்தப் பக்கம் சேத்துட்டாரு."

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் போட்டா பனி விழும். எவனோ போட்டான், விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"எவனோன்னா எவன்?"

"காலையில தேடிப் பிடிச்சு உத உதன்னு உதைக்கிறேன் பாரு."

"பிடி பிடி" என்றாள் அவள். இருட்டில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத சிரிப்பு. அவனுக்கு அதுதான் பனியைவிடப் பயமாக இருந்தது.

மேல் ஊர் போய்ச் சேர்ந்தபோது கூரைத் திறப்பில் சாம்பல் நிறம் வந்திருந்தது. வீட்டுக்காரி லோலபேகிம், தவ்லத்மிர் வயதுக்காரி, வாசலில் நின்றாள். வசந்த வாழ்த்தைச் சொல்லி உள்ளே போனார்கள். வழக்கப்படி அவர்கள் வலது தோளில் மாவு தடவினாள். ஆட்டுத்தலை கொதிக்கிற வாசனை. நாலு பெண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தஃபைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"சரிவு எறங்குற சத்தம் கேட்டுச்சு. உங்களுக்கு அழறதா, கஞ்சிய எறக்குறதான்னு பாத்துட்டிருந்தோம்" என்றாள் லோலபேகிம்.

"கஞ்சிய எறக்கு" என்றான் தவ்லத்மிர்.

லோலபேகிம் மூட்டையைப் பிரித்தாள். கம்பளியை முறுக்கினாள். ஒரு சொம்பு தண்ணீர் கொட்டியது. முதலில் வந்தது சப்ஸமோவின் தஃப். தோல் நனைந்த ரொட்டி மாதிரி குழிந்து கிடந்தது. எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவதைத் தொட்டவள் கையை உதறினாள்.

"ஏய்... சுடுதே! வழியில எங்க நெருப்பு மூட்டுனீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள். கணீர் என்றது. அடுப்பைச் சுற்றியிருந்த நாலு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அரைமணி நேரமாகக் காய்ச்சியும் அவர்களுடையது ஒன்றுகூட அப்படிப் பேசவில்லை.

"கம்பளி" என்றான் தவ்லத்மிர். "கம்பளி சூட்டப் பிடிச்சு வெச்சிருக்கும்."

"எந்தச் சூட்ட?" என்று லோலபேகிம் ஈரக் கம்பளியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

சப்ஸமோ தன்னுடைய நனைந்த தஃபை எடுத்து அவளிடம் கொடுத்தாள். "இது உங்களுக்கு. காய வெச்சா நல்லா பேசும். அது எனக்கு." சொல்லிவிட்டு ஷோநஸரின் தஃபை மடியில் வைத்துக்கொண்டாள். தவ்லத்மிர் வாயைத் திறந்தான். அவள் அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

முதல் வெளிச்சம் கூரைத் திறப்பிலிருந்து இறங்கியது. அங்கே வழக்கம், ஆண்டின் முதல் விருந்தாளிதான் முதலில் ஆட வேண்டும். "தவ்லத்மிர்! கையை விரிச்சா கழுகும்பாங்களே உன்னை. எழுந்திரு!" என்று கைதட்டினார்கள்.

"என் முட்டி போச்சு. வேற கழுகப் பாருங்க" என்று அவன் வெளியே வந்துவிட்டான்.

பின்னால் முழக்கம் எழுந்தது. தும் தக, தும் தக. சப்ஸமோவின் கை தனியாகத் தெரிந்தது. "தும்" அவள்தான், "த" அவள்தான், "க" அவள்தான். குறை இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. இனி அவள் தூங்குவாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு முற்றத்தைத் தாண்டினான்.

வேலியோரம் போனபோது நின்றான்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில்...

தும்... த...

கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தான். மூட்டை உள்ளே இருக்கிறது. முதுகில் ஈரச் சட்டை மட்டும்தான். உள்ளே தாளம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இது அதனோடு சேரவில்லை. இது நிதானமாக, நடுவில் இடம் விட்டு விட்டு...

தும்... த...

"ஏறி வந்த மூச்சு" என்றான் சத்தமாக. "வயசாச்சு. வேற என்ன?"

அப்போதுதான் பார்த்தான். வலது கையின் மோதிர விரல் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. சரியாக அந்தக் "க" விழ வேண்டிய இடத்தில். எப்போதிருந்து என்று தெரியவில்லை.

இடது கையால் அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்தான், இரவு தங்கையைப் பிடித்த அதே பிடி. பிடித்தபடியே கொட்டகைப் பக்கம் நடந்தான்.

"கம்பளிதான்" என்று முனகிக்கொண்டே போனான். "வேற ஒண்ணும் இல்ல. கம்பளிதான்."