மடியில் ஒரு இடுப்பெலும்பு

சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில், டிரைவர் பக்கத்தில் நான் பாதி உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒரு மருத்துவ மாணவி, தன் பக்கத்து சீட்டில் துணிப்பை ஒன்றை உட்கார வைத்திருந்தாள். கம்பெனி யூனிஃபார்மில் ஏறிய பெண் அதைக் கீழே இறக்கப் போனாள்.

“அக்கா, கீழ வைக்காதீங்க. அது ஒருத்தரோட இடுப்பெலும்பு.”

“இன்னாது?”

“படிக்கிறதுக்கு காலேஜ்ல குடுத்தாங்க. எலும்புன்னாலும் மனுஷருக்குக் குடுக்கற மரியாதைய குடுக்கணும்னு மேடம் சொல்லியிருக்காங்க.”

“அய்ய, பாவம். குடு, நான் மடியில வெச்சுகினு வரேன்.”

ஆட்டோ கிளம்பியது.

“ஆம்பளையா, பொம்பளையா?”

“இடுப்பெலும்ப பாத்தே சொல்லிடலாம்க்கா. ஆனா அந்தப் பாடம் அடுத்த வாரந்தான்.”

அவள் பையை மெதுவாக, மரியாதையாகவே, மாணவியின் மடிக்கு மாற்றினாள்.

“பாடம் முடியட்டும். பொம்பளைன்னா வெச்சுக்கிறேன்.”